சுடுமண் சிற்பத்துல மனுஷ வலி: சிலத கொண்டாடுறாங்க, சிலத துணி போட்டு மூடுறாங்க, ஏன்?

கண்ணு பிதுங்கி, வாய் பிளந்து, முதுகு வளைஞ்சு, சில நேரம் கை காலே இல்லாம நிக்கிற மண் சிலைங்கள இப்போ பெரிய பெரிய மியூசியம்ல எல்லாம் நடு ஹால்ல வைக்கிறாங்க. பார்க்கிற நிறைய பேருக்கு வர்ற முதல் கேள்வி, இதுல என்ன அழகு இருக்கு? ரெண்டாவது கேள்வி, அடுத்தவங்க பட்ட கஷ்டத்த பொம்மையா செஞ்சு காட்டுறது சரியா? ரெண்டுமே நியாயமான கேள்விதான். ஆனா பதில் சொல்லணும்னா மண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா இந்த சிலைங்க எப்படி நிக்குது, எதால வெடிக்குதுன்னு தெரியாம அது என்ன சொல்லுதுன்னு பேசினா பாதி விஷயம் கை நழுவிப் போயிடும்.

நான் சொல்ல வர்றது இதுதான். வலிய மட்டும் காட்டுற சிலையால பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவு கிடையாது. அந்த வலிக்கு காரணம் யாருன்னு சிலை கை காட்டும்போதுதான் சண்டை ஆரம்பிக்குது. அப்படி கை காட்டுறது உண்மையா பொய்யான்னு சிலைய மட்டும் பார்த்து கண்டுபிடிக்கவும் முடியாது, ஏன்னா நல்லா செஞ்ச மண் முகம் பொய்யையும் அதே அளவு நம்ப வைக்கும்.

மண்ணு, நெருப்பு, சில அடிப்படைகள்

1. சுடுமண். சாதாரண களிமண்ண சுமார் 900ல இருந்து 1,100 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சுட்டது. செங்கல், பானை எல்லாம் இந்த வகை. சிவப்பா இருக்கும், தண்ணிய உறிஞ்சும்.

2. ஸ்டோன்வேர். 1,200 டிகிரிக்கு மேல சுடுறது. மண்ணுக்குள்ள பாதி கண்ணாடி மாதிரி உருகி இறுகிடும், தண்ணி இறங்காது, கல்லு மாதிரி கெட்டியா இருக்கும்.

3. போர்சலின். வெள்ளைக் களிமண்ணுல செஞ்சு இன்னும் அதிக சூட்டுல சுடுறது, அதாவது நாம பீங்கான்னு சொல்றது.

4. கிளேஸ். மேல பூசுற கண்ணாடிப் பூச்சு. இதுலதான் கலர், பளபளப்பு எல்லாம் வருது.

5. சுடாத பச்சை மண். மரச்சட்டம் கட்டி, வைக்கோல், பஞ்சு, மணல் கலந்த மண்ண அப்பி காய விடுறது. இது கணக்கா செராமிக்ல வராது, சூளைக்கே போகலையே. ஆனா கீழ சொல்லப்போற பெரிய கதை ஒண்ணு இந்த பச்சை மண்ணுல நடந்ததுதான், அதனால இதையும் சேர்த்து தெரிஞ்சு வச்சுக்கணும்.

பெரிய மண் சிலைய முழு கட்டியா செஞ்சு சூளைல வைக்க முடியாது. உள்ள ஈரம் நின்னுச்சுன்னா 100 டிகிரி தாண்டும்போது அது ஆவியாகி வெளிய வர வழி தேடும், வழி இல்லைன்னா சிலைய வெடிச்சுக்கிட்டு வரும். அதுக்கப்புறம் 573 டிகிரில மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் திடீர்னு கொஞ்சம் பெருக்கும், ஆறும்போது அதே இடத்துல சுருங்கும், அங்க அவசரப்பட்டா விரிசல். இது போக காயும்போதும் சுடும்போதும் சேர்த்து மண்ணே பத்து சதவீதம் அளவுக்கு சுருங்கலாம், வகைய பொறுத்து கூடக் குறைய. அதனாலதான் ஆள் உயர சிலைன்னா உள்ள கூடா, சுவரு ஒரே கனமா, துண்டு துண்டா செஞ்சு சுட்டு அப்புறம் அடுக்குவாங்க, மண்ணோட சுட்ட மண்ணுப் பொடியையும் கலப்பாங்க. நம்ம ஊர்ல வேளார்கள் செய்யிற அய்யனார் குதிரைய பார்த்தவங்களுக்கு இது புரியும், அவ்வளவு பெரிய குதிரையும் உள்ள வெறும் கூடுதான், கால், உடம்பு, கழுத்துன்னு தனித்தனியா ஏத்தினதுதான்.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, மனுஷ உடம்ப மண்ணுல செய்யிறவர் எடுக்கிற முடிவு எல்லாத்துலயும் இந்த கட்டாயம் இருக்கு. சிலைல கழுத்துல ஒரு கோடு ஓடுதுன்னா அது துண்டு சேர்ந்த இடமா இருக்கலாம், இல்ல வேணும்னே விட்ட காயமா இருக்கலாம். நல்ல சிற்பி ரெண்டையும் ஒண்ணாக்கிடுவாரு, சேர்ந்த இடத்த மறைக்காம அதையே தழும்பா வச்சிடுவாரு. மார்பிள்ல இது வராது, வெண்கலத்துல மெனக்கெட்டு கொண்டு வரணும்.

ஏன் மண்ணு?

முதல் காரணம் ரொம்ப சாதாரணம், மண்ணு மலிவு. வெண்கலத்துல வார்க்க பணம் வேணும், பணம் கொடுக்கிறவங்க கேட்கிற முகம் வேணும். மண்ணுக்கு அந்த அனுமதி தேவையில்ல. ரெண்டாவது, விரல் ரேகை பதியும். அமுக்கினது, கிள்ளினது, வழிச்சது எல்லாம் சூளைக்குப் போய் அப்படியே நிரந்தரமாயிடும், இன்னொரு மனுஷனோட கை இந்த உடம்பு மேல பட்டிருக்குங்கிறது பார்க்கிறவருக்கு சொல்லாமலே தெரியும். மூணாவது, கலை உலகத்துல ரொம்ப நாளா மண் வேலைய கைத்தொழில்னு கீழ வச்சிருந்தாங்க, சிற்பம்னா கல்லு, உலோகம்தான்னு ஒரு மேட்டிமை இருந்தது. ஊர் கண்டுக்காத ஆட்கள ஊர் கண்டுக்காத பொருள்ல செய்யிறதுக்கு தானாவே ஒரு அர்த்தம் வந்துடுது.

ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக் இதுக்கு நல்ல உதாரணம். செராமிக் ஸ்கூல்ல பாடம் எடுத்தவரு. 1906ல ரஷ்யப் பேரரசுக்குள்ள பயணம் போனப்போ அங்க பார்த்த பிச்சைக்காரங்க அவர விடவே இல்ல, திரும்பி வந்து கையில கிண்ணம் வச்சிருக்கிற ரஷ்யப் பிச்சைக்காரிய செராமிக்ல செஞ்சாரு. சதை, எலும்புன்னு உடம்ப பிரிச்சுக் காட்ட மாட்டாரு, கனத்த துணி போர்த்தின ஒரே மொத்தை மாதிரி இருக்கும். யாரையும் குற்றம் சொல்லாத சிலைதான். ஆனா பின்னாடி நாஜிகள் 1937ல அவரோட நூத்துக்கணக்கான படைப்புகள மியூசியம்ல இருந்து தூக்கினாங்க. வீரமான, நிமிர்ந்த உடம்பு மட்டும்தான் வேணும்னு நினைக்கிற அரசுக்கு குனிஞ்ச உடம்பே குற்றச்சாட்டு மாதிரி தெரிஞ்சிடுச்சு. பெரும்பாலும்னு மேல நான் சொன்னதுக்கு காரணம் இவருதான்.

சிச்சுவான்ல 114 சிலைங்க

இப்போ முக்கியமான கதைக்கு வருவோம். சீனாவுல சிச்சுவான் மாகாணம், தாயி கவுண்டி (கவுண்டின்னா மாகாணத்துக்குள்ள ஒரு நிர்வாகப் பகுதி). லியு வென்சாய்னு ஒரு பெரிய நிலச்சுவான்தார், 1949ல இறந்துட்டாரு. அவரோட மாளிகைய கம்யூனிஸ்ட் அரசு மியூசியமாக்கினது. 1965ல சிச்சுவான் நுண்கலைக் கல்லூரி ஆசிரியர்கள், மாணவர்கள், உள்ளூர்ல கோயில் சிலை செய்யிற கைவினைஞர்கள் எல்லாரும் சேர்ந்து, குத்தகை நெல்லு வாங்கின அதே முற்றத்துல, ஆள் உயரத்துல 114 பச்சை மண் சிலைங்க செஞ்சாங்க. 'குத்தகை வசூல் முற்றம்'னு பேரு.

முற்றத்த சுத்தி வரிசையா போகுது கதை. குடியானவங்க நெல்ல சுமந்துட்டு வர்றாங்க, கணக்குப்பிள்ளை ஆட்கள் தரம் பார்க்கிறாங்க, அளக்கிறாங்க, கணக்கு போடுறாங்க, கொடுக்க முடியாதவங்கள அடிச்சு இழுக்கிறாங்க, கடைசில ஜனங்க கை முஷ்டி மடக்கி நிக்கிறாங்க. ஒரு இடத்துல தாய்ப்பால் கொடுக்கிற பொண்ண அவ குழந்தைகிட்ட இருந்து பிரிச்சு இழுத்துட்டுப் போறாங்க, நிலச்சுவான்தாருக்கு பால் கொடுக்கிறதுக்காம். சிலைங்க பக்கத்துல இருக்கிற கூடை, நெல்லு தூத்துற மெஷின் எல்லாம் நிஜப் பொருளுங்க. கண்ணுக்கு கண்ணாடிக் குண்டு வச்சிருக்காங்க, இது கோயில் சிலை செய்யிறவங்களோட முறை. மண்ணு முகத்துல கண்ணு மட்டும் ஈரமா மின்னும்போது பக்கத்துல நிக்கிறவரால அத வெறும் சிலையா பார்க்க முடியாது. பார்க்க வந்த விவசாயிங்க முற்றத்துலயே அழுதாங்க. அடுத்த வருஷம் மாவோவோட கலாச்சாரப் புரட்சி ஆரம்பிச்சதும் இது நாடு முழுக்க முன்மாதிரி கலையா ஆக்கப்பட்டது.

கலையா பார்த்தா இது அசாத்தியமான வேலை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு விஷயத்த பக்கத்துல வச்சுப் பார்க்கணும்.

1. லியு மேல சொன்ன கதைங்க எல்லாம் உண்மை கிடையாது. முக்கியமா அவரோட மாளிகைல தண்ணிச் சிறை இருந்ததுன்னும் அதுல கடன் கட்டாதவங்கள முழங்கால் தண்ணில அடைச்சு சித்திரவதை பண்ணாங்கன்னும் பரப்பினாங்க. பின்னாடி விசாரிச்சப்போ அதுக்கு ஆதாரமே இல்ல, அது அபின் வைக்கிற அறைன்னு ஆச்சு. லியு நல்லவர்னு அர்த்தம் இல்ல, அபின் வியாபாரமும் நிலக்குவிப்பும் நடந்தது நிஜம்தான், குடியானவங்க பட்ட கஷ்டமும் நிஜம்தான். அந்த நிஜத்து மேல பொய்ய ஏத்தினாங்க.

2. 1959ல இருந்து 1961 வரைக்கும் சீனாவுல பெரும் பஞ்சம், அரசோட தானியக் கொள்முதல் கொள்கையே அதுக்கு பெரிய காரணம், மிக மோசமா அடிபட்ட மாகாணங்கள்ல சிச்சுவான் ஒண்ணு, லட்சக்கணக்கான பேர் பட்டினில செத்தாங்க. 1965ல அது முடிஞ்சு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதே மாகாணத்துல, நெல்ல பறிகொடுத்து பட்டினி கிடக்கிற குடியானவன ஆள் உயரத்துல செஞ்சு வைக்கிறாங்க, ஆனா கை காட்டுறது 1949க்கு முன்னாடி இருந்த ஒருத்தர. அந்த முற்றத்துல அழுதவங்க யார நினைச்சு அழுதாங்கன்னு நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வீட்டுல ஆள பறிகொடுத்தவங்க அந்தக் கூட்டத்துல கண்டிப்பா இருந்திருப்பாங்க, அவங்க துக்கத்த வெளிய சொல்ல அனுமதிச்ச ஒரே இடம் அதுவா இருந்திருக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பீடம்

இதுக்கு நேர் எதிரா ஒரு சம்பவம். 1978 நவம்பர் 27, சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் நகர நிர்வாக சபை உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சிட்டி ஹாலுக்குள்ளயே சுட்டுக் கொன்னாரு டான் வைட், அவரும் அதே சபைல முன்னாள் உறுப்பினர். கேஸ்ல கொலைக்குற்றம் நிக்கல, அதவிட குறைஞ்ச பிரிவுல ஏழு வருஷம் எட்டு மாசம்தான் தண்டனை. அவர் மன அழுத்தத்துல இருந்தாரு, ஜங்க் ஃபுட்டா சாப்பிட்டுட்டு இருந்ததே அதுக்கு அடையாளம்னு டிஃபென்ஸ் தரப்பு பேசினத பத்திரிகைங்க 'டுவிங்கி' வாதம்னு எழுதுச்சு, டுவிங்கிங்கிறது க்ரீம் வச்ச ஒரு பாக்கெட் கேக். தீர்ப்பு வந்த அன்னிக்கு ராத்திரி ஊரே கலவரமாச்சு.

மாஸ்கோனி பேர்ல கட்டின மாநாட்டு மையத்துக்கு அவரோட சிலை வேணும்னு நகரம் ராபர்ட் ஆர்னசன்கிட்ட கேட்டது. ஆர்னசன் கலிஃபோர்னியாவுல செராமிக்க கைத்தொழில் பெஞ்சுல இருந்து இழுத்து சிற்பத்துக்கு நடுவுல போட்டவரு, டேவிஸ் யுனிவர்சிட்டில பல வருஷம் பாடம் எடுத்தவரு. 1981 டிசம்பர்ல சிலை வந்தது. மேல தலை, பெரிசா, கலர் கிளேஸ் போட்டு, வாய் விட்டு சிரிக்கிற முகம். அதுல யாருக்கும் சண்டை இல்ல. சண்டை கீழ இருந்த பீடத்துலதான். அதுவும் செராமிக்தான், ஈர மண்ணுல கீறின மாதிரி எழுத்துங்க, அவரோட வாழ்க்கைக் குறிப்புகள், துப்பாக்கி சத்தம், மில்க்கோட பேரு, அந்த கேக்கோட பேரு, அப்புறம் குண்டு பாய்ஞ்ச மாதிரி துளைங்க.

திறப்பு விழாவுலயே பீடத்த துணி போட்டு மூடினாங்க. அப்போ மேயரா இருந்த டயான் ஃபைன்ஸ்டைன் எதிர்த்தாங்க, கலை ஆணையமும் நிராகரிச்சது. ஃபைன்ஸ்டைன சும்மா தணிக்கைக்காரங்கன்னு ஒதுக்கிட முடியாது, சுடப்பட்டுக் கிடந்த மில்க்க முதல்ல போய் பார்த்தது அவங்கதான், அந்த துளைங்க அவங்களுக்கு என்னவா தெரிஞ்சிருக்கும்னு யோசிக்கணும். பீடத்த மட்டும் மாத்திக் கொடுங்கன்னு கேட்டாங்க. ஆர்னசன் மாட்டேன்னு சொல்லி 37,000 டாலர திருப்பிக் கொடுத்துட்டாரு. 2012ல சான் பிரான்சிஸ்கோ நவீன கலை மியூசியம் அத வாங்கி வச்சது.

ரெண்டையும் சேர்த்து பாருங்க. சிச்சுவான்ல காரணம்னு காட்டினதுல பொய் கலந்திருந்தது, அரசு அத நாடு முழுக்க கொண்டு போனது. சான் பிரான்சிஸ்கோவுல பீடத்துல இருந்தது நிஜமா நடந்த விஷயம், நகர அரசு அத ஏத்துக்கல. மூடினது அழுத முகத்தையும் இல்ல, சிரிச்ச முகத்தையும் இல்ல, நடந்தது என்னன்னு சொன்ன எழுத்த.

அந்த அனுபவத்துக்கு அப்புறம் ஆர்னசன் இன்னும் கடுமையானாரு. 80கள்ல அணு ஆயுதப் போட்டி உச்சத்துல இருந்தப்போ வரிசையா எரிஞ்ச தலைங்க, ராணுவத் தலைங்கன்னு செஞ்சாரு. 1984ல செஞ்ச 'ஜெனரல் நியூக்' (நியூக்னா அணு ஆயுதம்) சிலைல ஜெனரலோட மூக்கே ஒரு ஏவுகணை, அந்த தலைய தாங்குற தூணு முழுக்க குவிஞ்ச பிணங்க. இங்கயும் பீடம்தான் பேசுது.

நம்ம பக்கத்துல

1971 வங்கதேசப் போர் சமயத்துல கே.ஜி. சுப்ரமணியன் 'ஜெனரல்களும் வெற்றிச் சின்னங்களும்'னு சுடுமண் புடைப்புச் சிற்பங்கள் செஞ்சாரு. கேரளாவுல தமிழ்க் குடும்பத்துல பிறந்து, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போய், அப்புறம் சாந்திநிகேதன்ல கலை படிச்சவரு. ஆர்னசனுக்கு பத்து வருஷம் முன்னாடியே, இங்க, மெடல் குத்தின ஜெனரல சின்ன சுடுமண் பலகைல கொண்டு வந்தவரு. ஆள் உயரம் எல்லாம் கிடையாது, கண்ணாடிக் கண்ணும் கிடையாது. தகடா தட்டின மண்ண வெட்டி, மடிச்சு, ஒட்டி, பொம்மை செய்யிற அதே எளிமைல உடுப்பு, மெடல், வெட்டுப்பட்ட உடம்புன்னு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருப்பாரு. பார்க்கிறவர அழ வைக்கிறது அவர் நோக்கம் கிடையாது, யாரு மெடல் குத்திக்கிட்டாங்க, யாரு உடம்பு போச்சுன்னு ஒரே சதுரத்துல காட்டுறதுதான். எனக்கு சிச்சுவான் முற்றத்த விட இதுதான் நேர்மையா படுது.

ஒரு முகம் இல்ல, லட்சம் முகம்

இன்னொரு வழியும் இருக்கு, ஒரே ஆள செய்யாம கூட்டத்த செய்யிறது. பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லியோட 'ஃபீல்டு' தொடர் அப்படி. 2003ல சீனாவுல குவாங்சோ பக்கம் ஒரு கிராமத்துல சின்னவங்க பெரியவங்கன்னு 350 பேர் அளவுல சேர்ந்து, கைக்கு அடங்குற மாதிரி, ரெண்டு கண்ணு மட்டும் வச்சு, சுமார் 2 லட்சம் சுடுமண் உருவம் செஞ்சாங்க. எல்லாம் உங்களையே பார்த்து நிக்கும், ஆனா யாரு, எதுக்கு பார்க்கிறாங்கன்னு சொல்லாது.

பெல்ஜியத்துல 2018ல வேற மாதிரி பண்ணாங்க. முதல் உலகப் போர்ல பெல்ஜியம் மண்ணுல செத்த 6 லட்சம் பேருக்கு 6 லட்சம் களிமண் உருவம், குனிஞ்சு உட்கார்ந்து தலைய கவுத்த மாதிரி, ஈப்ர்ங்கிற ஊர் பக்கத்துல போர் நடந்த இடத்துலயே வச்சாங்க. கோயன் வான்மெக்கலன்ங்கிற கலைஞரோட வடிவம், செஞ்சது ஏகப்பட்ட சாதாரண ஜனங்க. உருவத்தோட ஒரு சோல்ஜர் டேக் (சிப்பாய்ங்க கழுத்துல போடுற அடையாளத் தகடு), அதுல செத்தவர் பேரும் செஞ்சவர் பேரும். எல்லா உருவமும் ஒரே அச்சுல வந்தது, ஆனா பேரு ஒவ்வொண்ணுக்கும் வேற. எண்ணிக்கைய கண்ணுக்கு முன்னாடி கொண்டு வந்து, அதே சமயம் ஆள தொலைச்சிடாம வச்ச இந்த முறை எனக்கு ரொம்ப பிடிச்சது. போருக்கு யாரு காரணம்னு இதுவும் சொல்லலங்கிறதையும் கவனிக்கணும், அதனாலதான் இதுக்கு எல்லா பக்கமும் ஆதரவு கிடைச்சதுன்னு நினைக்கிறேன்.

அப்போ எப்படி பார்க்கிறது

இந்த மாதிரி சிலை முன்னாடி நின்னா முகத்துல இருந்து கண்ண எடுத்துட்டு இத கவனிச்சா நிறைய புரியும்.

1. கீழ பாருங்க. பீடம், அடில இருக்கிற எழுத்து, பக்கத்துல வச்ச பொருள். காரணத்த பெரும்பாலும் அங்கதான் வைப்பாங்க.

2. யாரு காசு கொடுத்து செய்யச் சொன்னாங்கன்னு கேளுங்க. அவங்க பேரு குற்றவாளி பட்டியல்ல வர வாய்ப்பு இருந்ததா?

3. கஷ்டப்படுறவர் வெறும் கஷ்டப்படுறவரா மட்டும் இருக்காரா? சிலைல அவருக்கு கோபம், வெட்கம், பிடிவாதம் ஏதாவது இருக்கா? வெறும் கண்ணீர் மட்டும்னா அத செஞ்சவர் அந்த ஆள தெரிஞ்சுக்க நேரம் எடுக்கலன்னுதான் நான் நினைப்பேன்.

4. சுட்டதா, பச்சை மண்ணா? சுட்டதுன்னா ஆயிரக்கணக்கான வருஷம் கூட தாங்கும். சுடலைன்னா வசதி இல்லாம இருக்கலாம், அந்த ஊர் முறையே அப்படி இருக்கலாம், இல்ல அழியணும்னே விட்டதா இருக்கலாம்.

வெனிஸ்ல என்ன ஆச்சு

அந்த நாலாவது கேள்விக்கு பெரிய பதில் 1999ல வந்தது. இத்தாலில நடக்கிற வெனிஸ் பியனாலேங்கிற பெரிய சர்வதேச கலைக் கண்காட்சில, நியூயார்க்ல வாழ்ற சீனக் கலைஞர் சாய் குவோ சியாங், அதே 'குத்தகை வசூல் முற்றத்த' திரும்ப செய்ய வச்சாரு, 1965 குழுவுல இருந்த லோங் ஷுலிங்கிற சிற்பியையே கூட்டிட்டு வந்து. பார்க்க வந்தவங்க கண்ணு முன்னாடியே வேலை நடந்தது, ஒரு பக்கம் வெறும் மரச்சட்டம், நடுவுல பாதி மண்ணு அப்பின உடம்பு, இன்னொரு பக்கம் முடிச்சு காய்ஞ்சு அப்பவே விரிசல் விட ஆரம்பிச்ச முகம். சுடல, பாதுகாக்கல, உதிர விட்டுட்டாரு. அந்த வருஷம் பியனாலேவோட தங்கச் சிங்க விருது வாங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

சீனாவுல பெரிய கோபம் கிளம்புச்சு. சிச்சுவான் நுண்கலைக் கல்லூரி இது காப்பிரைட் மீறல்னு கேஸ் போடப் போறதா அறிவிச்சது. கூட்டுப் படைப்பு, ஜனங்களோட சொத்துன்னு பேர் எடுத்த சிலைக்கு 35 வருஷம் கழிச்சு உரிமையாளர் யாருன்னு சண்டை. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்வேன். செஞ்சவங்க பேரே வெளிய தெரியாம போன வேலைக்கு வேற ஒருத்தர் விருது வாங்கினா வலிக்கத்தான் செய்யும். அதே சமயம், பிரச்சாரத்துக்காக நிரந்தரமாக்கின ஒரு கதைய கண்ணு முன்னாடி உதிர விட்டுக் காட்டினது 1965ல யாராலயும் பேச முடியாத ஒண்ண பேசுச்சு. தாயி கவுண்டில மூல சிலைங்க இன்னிக்கும் அதே முற்றத்துல இருக்கு, ஆனா பக்கத்துல தண்ணிச் சிறைன்னு காட்டிட்டு இருந்த அறைய இப்போ அப்படி சொல்றதில்ல.